அதே தழும்புள்ள சேக்காளிகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இதய ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் பிறவியிலேயே டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ, இதயத்தில் நாலு குறைகள் சேர்ந்து வருவது. நாலு வயதில் ஆபரேஷன் ஆனது. இப்போது 26. அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். காலேஜில்கூட யாரிடமும் சொன்னதில்லை. என்னை மாதிரி இன்னொருத்தரை நேரில் பார்த்ததே இல்லை, பார்க்க ஆசை. அம்மா, "நல்லா இருக்க பிள்ள எதுக்கு சீக்காளிகளத் தேடிப் போற? வரன் பாக்கிற நேரத்துல ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்கிறாள். எனக்கும் பயம்தான். அவர்கள் கஷ்டத்தைக் கேட்டு இருக்கிற தைரியமும் போய்விட்டால்?

ம.

அன்புள்ள ம.,

போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் ஊரில் எதற்கும் ஒரு ஆச்சி இருப்பாள். மஞ்சள்காமாலைக்கு என்ன கொடுக்கணும், பிள்ளை பெற்றவளுக்கு எது ஆகாது என்று கேட்காமலேயே சொல்வாள். நம் வியாதிக்கு அப்படி ஓர் ஆச்சி கிடையாது. நீலம் பாரித்த பிள்ளைக்கு, கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் ஆபரேஷன் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்தது 1944-ல். குறைகளை முதன்முதலில் முழுசாகச் சரிசெய்தவர் லில்லெஹை என்ற டாக்டர், 1954-ல், அங்கேயே மினசோட்டாவில். பிள்ளையின் ரத்த ஓட்டத்தை இன்னொரு ஆளின் ரத்த ஓட்டத்தோடு இணைத்துத்தான் செய்தார். அதற்கு முன்பு நம்மைப் போன்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளாகவே இல்லை. முப்பது வயதில் நம் நெஞ்சு என்ன செய்யும் என்று சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? நமக்கு முன்னால் ஆபரேஷன் ஆகி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றவர்கள்தான் நமக்கு ஆச்சி.

எனக்கு அவர்கள் கிடைத்தது பாளையங்கோட்டையில், ஆஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில். இப்போது அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பேர் கேட்பதற்கு முன்பே "எந்த வயசுல ஆபரேஷன்?" என்றுதான் பேச்சு தொடங்கும். சின்ன வயதில் ஓடி விளையாடும்போது நான் பாதியில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறி என்பார் பெரியப்பா. கடையத்திலிருந்து வந்த ஒரு அம்மா தன் மகனைக் காட்டி, "ஆபரேசனுக்கு முன்ன இவன் ஸ்கூலுக்குப் போற வழியில அங்கங்க குத்தவச்சு உக்காந்துருவான்க்கா, அப்புறம்தான் எந்திப்பான்" என்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கால்களை மடக்கி அமுக்கி உட்காரும்போது கீழே போகும் ரத்தத்துக்குத் தடை கூடுகிறது, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. யாரும் சொல்லித்தராமல் உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் அது.

ஒருநாள் ஜாக்கெட் தைப்பது பற்றிப் பேச்சு வந்தது. எல்லோருமே முன்கழுத்தைத் தூக்கித் தைக்கிறவர்கள், தழும்பு தெரியாமல் இருக்க. டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி மட்டும் எல்லோரையும்போல இறக்கித் தைத்திருந்தாள். "கேட்டா சொல்லிருவேன், ஓபன் ஹார்ட்னு. அதுல என்ன இருக்கு?" என்றாள். அடுத்த முறை கூடியபோது இன்னும் சிலருக்குக் கழுத்து இறங்கியிருந்தது.

ஆனால் நான் போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் "சரியாப்போச்சு" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். நம் ஆபரேஷனில் நுரையீரலுக்குப் போகும் வழியை அகலப்படுத்துவார்கள். அங்குள்ள வால்வு பலருக்கு அப்புறம் சரியாக மூடாது. ரத்தம் பின்னால் கசிந்து கசிந்து, இதயத்தின் வலது கீழறை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. எங்களில் ஒருவர் காலேஜ் முடித்தபிறகு எக்கோ பக்கமே போகவில்லை. மாடி ஏறினால் இரைக்கிறது, உடம்பு போட்டுவிட்டது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கூடியிருந்தவர்கள் விடவில்லை, கையோடு அனுப்பிவைத்தார்கள். வால்வு மாற்றி இப்போது நன்றாக இருக்கிறார். நீங்கள் கடைசியாக எப்போது எக்கோ எடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்கத்தான் வேண்டியிருக்கும். இதயத்தில் ஒற்றைக் கீழறையோடு பிறந்த தம்பி ஒருவன் எங்களோடு இருந்தான், போய்விட்டான். அவன் அம்மா இப்போதும் வருகிறார். கைக்குழந்தையோடு புதிதாக வருகிறவர்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விஏஓ-விடம் வருமானச் சான்று வாங்குவதையும், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்தால் உங்கள் தைரியம் குறையாது, நான் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும், ஒருவருக்குச் சொன்ன மாத்திரையோ கட்டுப்பாடோ இன்னொருவருக்குப் பொருந்தாது. சின்ன ஓட்டை அடைத்தவர் வேறு, நாம் வேறு, அந்தத் தம்பி வேறு.

கல்யாணப் பேச்சில் மறைக்கவே வேண்டாம். நம்மைப் போல் ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் உண்டாவதற்கு முன்பே இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து பார்க்கணும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் அதை எப்படிச் செய்வீர்கள்?

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். பிறக்கும் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைச் சோதிக்கும் ஆர்பிஎஸ்கே திட்டம் 2013-ல் வந்தபிறகு நம் கிராமங்களிலும் சீக்கிரமே கண்டுபிடிக்கிறார்கள். அந்த அம்மாக்கள் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் பார்க்க விரும்புவது 26 வயதில் எழுந்து நடமாடும் ஒரு பெண்ணை. உங்களுக்கு நாலு வயதாக இருந்தபோது அப்படி ஒருத்தியை உங்கள் அம்மாவுக்கு யாராவது காட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கூடும் தேதியைத் தனியாக எழுதுகிறேன். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து, ஒரு ஜெராக்ஸோடு வாருங்கள்.