வாசகர் கேள்வி: தப்பிய முன்மாதிரி

கேள்வி: முன்மாதிரிக் கார்களை நசுக்கிவிடுவார்களாமே? ஷெல்பியின் ‘லிட்டில் ரெட்’ மஸ்டாங் எப்படித் தப்பியது?
– வாசகர், ஹட்டன்

பதில்: பெரும்பாலும் நசுக்கத்தான் செய்வார்கள். இதுவும் அப்படியே போயிற்று என்றுதான் பலரும் நம்பினார்கள். ஃபோர்டின் மஸ்டாங்கை வைத்து ஷெல்பி நிறுவனம் செய்த 1967 ஜீ.டி.500 வண்டிகளுக்குப் பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ட்பேக் கூரை. இதுவோ டிக்கி தனியாகத் தெரியும் கூப்பே. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்திப் பரிசோதித்த வண்டி. தேடியவர்கள் ஷெல்பி நிறுவனம் இட்ட வரிசை எண்ணையே பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். ஃபோர்ட் தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணை வைத்துத் தேடியபோதுதான், 2018இல் டெக்சாஸில் அகப்பட்டது.

அக்கால மஸ்டாங் எதையாவது பார்க்க நேர்ந்தால் பொனட்டைத் திறந்து, இடப்பக்க மட்கார்டின் உள்தகட்டு விளிம்பைத் துடைத்துப் பாருங்கள்; அந்த ஃபோர்ட் எண் அங்கே பொறித்திருக்கும். (அமெரிக்க வண்டிக்கு அதுதான் சாரதி பக்கம், நம் வழக்கப்படி வலப்பக்கம் தேடவேண்டாம்.) முதல் இலக்கம் 7 என்றால் 1967. அடுத்த எழுத்து தொழிற்சாலை. ஆர் என்றால் சான் ஹோசே. பிறகு 01 கூப்பே, 02 ஃபாஸ்ட்பேக். 02 பொறித்த உடலுக்குக் கூப்பே கூரை இருந்தால், தகட்டை எவரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்.