வெளுத்த பவளம் செத்த பவளமா?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டில் நாலடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். லெதர் கோரல், மஷ்ரூம், ஜோவாந்திட் என்ற மென்மையான பவள வகைகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. சித்திரை பிறந்ததிலிருந்து நிறம் மங்கி, லெதர் கோரல் இப்போது ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. பங்குனிக் கடைசியில் பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புது எல்இடி போட்டேன். மீன்களுக்கு ஒன்றும் இல்லை. இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. சதை கரைந்து உதிராமல், அழுகின வாடை வராமல், விளக்கு எரியும்போது பாலிப் (பவளத்தின் மேல் பூப்போல விரியும் சின்ன உயிர்) கொஞ்சமாவது வெளியே நீள்கிறது என்றால் அது உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பட்டினி கிடக்கிறது.

பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குத்தான் போகிறது. நீங்கள் பார்க்கிற பழுப்பு நிறமும் அந்தப் பாசியுடையதுதான். தண்ணீர் சூடாகி, வெளிச்சமும் கூடிப்போனால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம்புரண்டு நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன, அதைத் தாங்க முடியாமல் பவளம் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. பாசி போனால் நிறமும் போச்சு, சாப்பாடும் போச்சு.

உங்கள் தொட்டியில் சூடு, வெளிச்சம் இரண்டும் ஒரே நேரத்தில் கூடியிருக்கின்றன. நம்ம ஊர்க் கத்திரி வெயிலில், மோட்டார் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து, தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். காலையில் அளந்துவிட்டு 28தானே என்று இருந்துவிடாதீர்கள், மத்தியானம் மூன்று மணிக்கு அளங்கள். 25, 26 டிகிரியில் நிற்பது நல்லது. சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி) வாங்க வசதியில்லை என்றால் மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தூத்துக்குடிப் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது, பாளையங்கோட்டையின் காய்ந்த காற்றில் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் வேகமாக வற்றும். வற்றினதை உப்புத் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பளவு, அதாவது உப்புமானி காட்டும் ஒப்படர்த்தி, 1.025-இல் நிற்கட்டும். அவசரத்தில் ஐஸ் கட்டியை உள்ளே கொட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும்.

அப்புறம் விளக்கு. பழைய விளக்குக்குப் பழகின பவளத்தின் மேல் புது எல்இடியை முழு வெளிச்சத்தில் விடக்கூடாது. இன்றைக்கே பாதிக்கும் கீழே குறைத்து, நிறம் திரும்பத் தொடங்கின பிறகு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாசிக்கு உரம் போன்ற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருந்தாலும் பவளம் வெளிறும். அப்படியிருந்தால் மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். கடைக்காரர் தருகிற நிறமேற்றும் மருந்துகளை இந்த நிலையில் ஊற்ற வேண்டாம், தவிக்கிற உயிருக்கு மேலும் ஒரு மாற்றம் ஆகாது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம் வேண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும்.

நிறம் திரும்பச் சில வாரமோ மாதங்களோ ஆகும். ஆனியில் சாரல் காற்று வந்துவிட்டால் உங்களுக்கும் பாடு குறையும்.

கேள்வி: தூத்துக்குடிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டுகளை எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கூடாதம்மா. கல்போல இருக்கிற கடின பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டானாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம். அதைவிட, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டு ஏற்கெனவே நொந்தவை. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி ஏராளமாக வெளுத்தன. அந்தக் கடலுக்கு ஃபேன் வைக்க நம்மால் முடியாது, இருக்கிறதை எடுக்காமலாவது விடுவோம். தொட்டிக்குப் பீங்கானில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா அதிலும் நன்றாகப் பிடிக்கும்.