எருக்குழியில் ஒரு கொம்பன்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மன்னார்குடிப் பக்கம். பையன் எட்டாவது படிக்கிறான். ஜப்பானில் பிள்ளைகள் கொம்பு வைத்த பெரிய வண்டுகளைப் பிடித்து வளர்ப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, கொல்லிமலைக்குக் கூட்டிப்போ, நாமும் ஒன்று பிடிக்கலாம் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். அது எங்கே கிடைக்கும்? பிடித்து வைத்துக்கொள்வது பாவம் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

கொல்லிமலை வேண்டாம். பக்கத்துத் தோப்பு எருக்குழிக்குப் போங்கள்.

பையன் பார்த்தது வேறு இனம், அதன் கொம்பு நுனியில் கிளைத்திருக்கும். நம் ஊரில் இருப்பது காண்டாமிருக வண்டு. நான்கைந்து சென்டிமீட்டர் நீளம், கருகருவென்று மினுங்கும், பின்பக்கமாக வளைந்த ஒற்றைக் கொம்பு. பெண்ணுக்கும் கொம்பு உண்டு, கொஞ்சம் சின்னது. கொம்பை வைத்துக் குழம்பினால் வாலடியைத் திருப்பிப் பாருங்கள். செம்பட்டை மயிர் கற்றையாக இருந்தால் பெண்.

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த தலைமுறை நாம், ஆனால் இதை மட்டும் யாரும் வளர்க்கவில்லை. காரணம் எளிது. தென்னை வைத்தவர்களுக்கு இது எதிரி. விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே போய்ச் சாறு குடிக்கும். காகிதத்தை மடித்துக் கத்தரித்துவிட்டு விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு விழுமே, அப்படித்தான் அந்தக் குருத்து மட்டையாக விரியும்போது கீற்றில் முக்கோண வெட்டுகள் தெரியும். அந்த மரத்தின் மட்டையிடுக்கில் ஓட்டையும், ஓட்டை வாயில் மென்று துப்பிய சக்கையும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கலாம். மரமேறுகிறவர் கம்பிக் கொக்கியால் குத்தி இழுத்துப் போடுவார். அவரிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும், ஆனால் முதுகில் ஓட்டையோடு கிடைக்கும்!

முழு வண்டு வேண்டுமென்றால் விளக்கடி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, ஒரு மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் தோப்பை ஒட்டிய தெருவிளக்கின் கீழே போய் நில்லுங்கள். வெளிச்சத்தில் மோதி விழுந்து மல்லாந்து கிடக்கும். கையால் எடுக்கலாம், கடிக்காது. கால்களில் முள் இருப்பதால் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, கிறீச்சென்று ஒரு சத்தமும் போடும், முதல் தடவை பையன் கீழே போட்டுவிடுவான், பரவாயில்லை.

புழு இருக்குமிடம் எருக்குழி, குப்பைமேடு, மக்கிய தென்னந்தண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னை சாய்ந்ததே, அப்புறம் அப்புறப்படுத்தாமல் விட்ட மரமெல்லாம் இதற்குப் பிள்ளைப்பேற்று வீடு. மறு வருஷம் ஒரு தண்டைக் கடப்பாரையால் நெம்பினேன், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு உதிர்ந்தன. ஆனால் எருவில் கிடைப்பதெல்லாம் இதுவல்ல. புழுவைத் தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து முதுகால் நகர்ந்தால் அது பூவண்டின் புழு, தென்னைக்கு ஒன்றும் செய்யாது, திரும்ப எருவிலேயே போட்டுவிடுங்கள். பையனுக்கு இந்த ஒரு சோதனையே ஒரு மாதம் ஓடும்.

காட்டுக்குள் போய்ப் பிடிப்பது வேறு விஷயம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சியைக்கூட எடுக்கக்கூடாது. 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த செக் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கைதாகி வழக்கு நடந்தது. நான் கொல்லிமலை வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பாவமா என்று கேட்டீர்கள். தோப்புக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். என் கணக்கு இதுதான்: உயிரோடு வைத்துப் பார்க்க ஆசையென்றால் ஒற்றை ஆணை மூடியுள்ள டப்பாவில், மக்கிய எரு கொஞ்சம் போட்டு, வாழைப்பழத் துண்டு வைத்து வளர்க்கட்டும். சோடியாக வேண்டாம். பார்த்து முடித்ததும் இரக்கப்பட்டுப் பக்கத்துத் தோப்பில் மட்டும் விடக்கூடாது, அது இரக்கமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவது.

பெட்டியில் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வலப்பக்கச் சிறகுமூடியில் (முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேல்சிறகு) ஊசி குத்தி, எங்கே, என்றைக்கு, எதில் கிடைத்தது என்று சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். சீட்டில்லாத வண்டு வெறும் பொம்மை. என் முதல் பெட்டி பிஸ்கட் டின்னும் தெர்மோகோலும்தான். ஐப்பசி மழையில் பாதி பூசணம் பிடித்தது, மீதியை எறும்பு கொண்டுபோனது. அதற்கப்புறம்தான் அந்துருண்டை போட ஆரம்பித்தேன். இதே அந்துருண்டையைத்தான், மரத்துக்கு மூன்று வீதம், இளங்கன்றின் மட்டையிடுக்கில் வைத்து மணலால் மூடுவார்கள், உயிருள்ள வண்டு அண்டாமலிருக்க. செத்த வண்டைக் காப்பாற்றவும் அதுவே, வேடிக்கைதான்.

எருக்குழிக்குப் போகும்போது கோழியை அடைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் கிளறினால் அதற்குத் தெரிந்துவிடும், பையன் கை நீட்டுவதற்குள் புழு இருக்காது.