சம்பள நாள் கடன்: நகரசபை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கேள்வி: நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். வாடகைக்குக் காசு போதாமல் பக்கத்துக் கடையில் 500 டொலர் 'பே டே லோன்' எடுத்தேன். சம்பளம் வந்ததும் 570 கட்டினேன். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, அடுத்த நாளே திரும்பவும் 500 எடுத்தேன். இப்போது ஓடுவது மூன்றாவது கடன். "நூறுக்கு 14 டொலர், 14 வீத வட்டிதானே" என்கிறார் நண்பர். சரியா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்: நண்பர் சொல்லும் 14 வீதம் இரண்டு வாரத்துக்கு மட்டும். வருடத்தில் இப்படி 26 தடவை வரும். பெருக்கிப் பாருங்கள், 364 வீதம். அதே 500 டொலரைக் கிரெடிட் கார்டில் காசாக எடுத்திருந்தால், 23 வீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வாரத்துக்கு ஐந்து டொலர் வராது. காசு எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்தால் பத்து டொலர் அளவில் முடிந்திருக்கும். நீங்கள் கொடுத்தது 70. மூன்று கடனுக்கும் சேர்த்து 210 டொலர், ஆனால் அந்த 500 இன்னும் அப்படியே நிற்கிறது. சீட்டில் கழிவு கொஞ்சம் கூடினாலே சண்டைக்குப் போகிற சனம் நாங்கள். இங்கே மட்டும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைக்கிறோம்.

மூன்றாவது கடன் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்கு வழி அதிலேதான் இருக்கிறது. எங்கள் ஒன்ராரியோ மாகாணத்தில் ஒரே கடையிடம் 63 நாட்களுக்குள் மூன்று கடன் எடுத்தால், மூன்றாவதைத் தவணையாகக் கட்ட அந்தக் கடை இடம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு வாரச் சம்பளக்காரர் என்றால் குறைந்தது மூன்று சம்பளத்துக்குப் பிரித்துக் கட்டலாம். 570ஐ ஒரேயடியாக இழப்பதற்குப் பதில் ஒவ்வொரு சம்பளத்திலும் 190 அளவில் போகும், வாடகைக்குக் காசு மிஞ்சும். கடையில் இருப்பவர் தானாக எடுத்துச் சொல்லுவார் என்று காத்திருக்காதீர்கள். "எக்ஸ்டெண்டட் பேமெண்ட் பிளான் வேணும்" என்று நீங்களே கேளுங்கள், மறுமொழியை எழுத்தில் வாங்குங்கள்.

நாலாவது கடனுக்கு மட்டும் போகாதீர்கள். கடன் எடுத்து இரண்டு வேலைநாள் கடக்காவிட்டால், காரணம் சொல்லாமலே முழுக்காசையும் திருப்பிக் கொடுத்து ரத்துச் செய்யலாம், அந்த 70 டொலரும் கட்டத் தேவையில்லை. கடை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கும்போது காசில்லாமல் திரும்பினால் கடைக்காரர் அதற்கு 20 டொலருக்கு மேல் அறவிட முடியாது. உங்கள் வங்கி தன் பங்குக்கு வேறாக எடுக்கும். அதனால் சம்பளம் வராது என்று தெரிந்தால் பணம் எடுக்கும் நாளுக்கு முன்பே கடையோடு பேசுங்கள். வாடகைப் பாக்கிதான் பிரச்சினை என்றால் 'ரொறன்ரோ ரென்ட் பாங்க்' குறைந்த வருமானக்காரருக்கு உதவி செய்கிறது. கடைக்குப் போகுமுன் அங்கே விண்ணப்பித்துப் பார்த்திருக்கலாம். இனியாவது செய்யுங்கள்.

கேள்வி: இந்தக் கடைகளை நகரசபை கட்டுப்படுத்திவிட்டது என்று சில வருடங்களுக்கு முன் செய்தி வந்ததே! எங்கள் பகுதியில் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லையே?

பதில்: கட்டுப்படுத்தியது உண்மைதான். ஆனால் எதை என்று பார்க்க வேண்டும். 2017இல் மாகாணம் கொண்டுவந்த சட்டம், எத்தனை கடை, எங்கே என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நகரசபைகளுக்குக் கொடுத்தது. ஹமில்ரன் 2018இல் வட்டாரத்துக்கு ஒரு கடை என்று வரையறுத்தது. அதே ஆண்டு ரொறன்ரோவும் உரிமம் வைத்து எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. ஒட்டாவா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்க முடியாது என்றது. இருந்த கடைகளை யாரும் மூடவில்லை. அதனால்தான் உங்கள் கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லை. கடைகள் தாமாக மூடினால்தான் குறையும்.

விலை நகரசபையின் கையில் இல்லை. நூறுக்கு 21 டொலராக இருந்ததை மாகாணம் 2017இல் 18 ஆகவும் 2018இல் 15 ஆகவும் இறக்கியது. 2025 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் 14 என்று மத்திய அரசு வைத்தது. அதே நாளில் குற்றவியல் சட்டத்தின் வட்டி உச்சவரம்பையும் ஆண்டுக்கு 35 வீதமாகக் குறைத்தார்கள். இந்தக் கடனுக்கு அதில் விலக்கு! வாடகைக் குடியிருப்பாளர்களைத் திரட்டும் 'ஏக்கோர்ன்' அமைப்பு பல வருடமாகக் கேட்பது, விலையை இன்னும் இறக்கவும், ஏழைகளுக்கு வங்கிகளே சின்னக் கடன் கொடுக்கும்படி செய்யவும்தான். கடைக்காரர் பக்கத்து வாதம்: "விலையை இறுக்கினால் நாங்கள் மூடிவிடுவோம், சனம் உரிமமில்லாத இணையக்காரரிடம் போகும்." அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் கியூபெக் மாகாணம் ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேல் வாங்குபவருக்கு உரிமமே கொடுப்பதில்லை, அங்கே இந்தக் கடைகள் வேர் விடவில்லை.

என் அபிப்பிராயம்: கடையை எண்ணுவது நல்ல காரியம், ஆனால் பாதி வேலை. கடனே கைபேசிக்குள் வந்துவிட்ட காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து என்ன பயன்? விலையும் வங்கிகளும் மாறாமல் இது தீராது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒருவர் 3,000 டொலர் உடனே தருகிறாராம். முதலில் 'காப்புறுதி'க்கு 200 டொலர் இ-ட்ரான்ஸ்ஃபர் செய்யச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கடன் தருவதற்கு முன்பே கட்டணம் கேட்பது ஒன்ராரியோவில் சட்டவிரோதம். அந்த 200 போனால் போனதுதான். கேட்ட ஆளையும் பிறகு காணக் கிடைக்காது. சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தையோ வங்கிக் கடவுச்சொல்லையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் முறையிடுங்கள். பே டே லோன் தருகிறவரிடம் மாகாண உரிமம் இருக்கிறதா என்பதை அரசின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். உரிமம் இல்லாதவரிடம் அப்படி ஒரு கடனை யாராவது வாங்கியிருந்தால், கைக்கு வந்த தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை.