அப்டேட் மாதாமாதம் ஃபெயில் ஆகுதா? ஃபார்மட் போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்க

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. சில மாதமாகவே அப்டேட் இறங்குகிறது, இன்ஸ்டால் கொஞ்ச தூரம் ஓடுகிறது, அப்புறம் ஃபெயில் என்று வந்து நிற்கிறது. கூடவே 80073712 என்று ஓர் எண். சி டிரைவில் இடமும் குறைவாகத்தான் இருக்கிறது. ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவேன். ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். மீனவர் குடும்பங்களின் ஆதார், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ஃபார்மட் வேண்டாம், சகோதரி. அது கடைசிக் கதவு, நீங்கள் இன்னும் முதல் கதவையே தட்டவில்லை.

முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ அந்த ஸ்கேன் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் ரிப்பேர் எதுவும் உங்கள் கோப்புகளைத் தொடாது, ஆனாலும் அடுத்தவர் ஆவணங்களை ஒரே டிஸ்க்கில் மட்டும் வைத்திருப்பது சரியில்லை, அப்டேட் பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்டேட் ஃபெயில் ஆனால் 'மறுபடி முயற்சி' பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்க வேண்டும். டவுன்லோடிலேயே நின்றால் நெட், இடம், அல்லது கம்ப்யூட்டரின் தேதி நேரம் தப்பாக இருப்பது; மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி செத்துப்போனால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்த சர்வரும் நம் மெஷினை நம்பாது. ரீஸ்டார்ட் ஆன பிறகு 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று வந்தால் பெரும்பாலும் டிரைவரை, அதாவது பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளை, சந்தேகப்படலாம். உங்களுக்கு இறங்கி முடிந்து, இன்ஸ்டால் ஓடும்போது நிற்கிறது. எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் வேலை சுலபம்.

80073712 என்றால் விண்டோஸ் தன் பாகங்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் ஏதோ ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் விண்-எஸ்எக்ஸ்எஸ் என்ற பெயரில் அந்தக் கிடங்கு இருக்கிறது. புது அப்டேட் அதில் இருக்கும் பழைய பாகங்களோடு ஒப்பிட்டுத்தான் தன்னைப் பொருத்திக்கொள்ளும். பழையதே உடைந்திருந்தால் எத்தனை மாதத்து அப்டேட் வந்தாலும் அதே இடத்தில்தான் முட்டும். சிலர் அந்த ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே, இடம் அடைக்கிறதே என்று உள்ளே போய்க் கோப்புகளை அழிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காட்டுகிற அளவு அத்தனையும் அது தனியாக அடைக்கும் இடமில்லை, அதில் பாதிக்கு மேல் மற்ற இடங்களில் இருக்கும் அதே கோப்புகளின் கணக்காகவே இருக்கலாம்.

கிடங்கு எப்படிக் கெட்டது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கலாம், மெயின் சுவிட்ச். அப்டேட் இறங்கிக் காத்திருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் 'அப்டேட் செய்து அணை' என்று ஒரு தேர்வு வரும், அதை அமுக்கிவிட்டுத் திரை கறுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து மெயினை இழுத்துவிட்டால் உள்ளே கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக நம் ராமேஸ்வரம் தீவில் கரண்ட் போய்ப் போய் வரும்போதும் இதே கதைதான். யூபிஎஸ் இருக்கிறதென்று நிம்மதியாக இருக்க வேண்டாம், பழைய பேட்டரி என்றால் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூடத் தாங்காதது நிறைய இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் திறந்து சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலி செய்யுங்கள். இங்கே ஒரு கவனம்: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். உங்களைப் போன்ற கடைகளில் வாட்ஸ்அப்பில் வந்த ஆவணம், போர்ட்டலில் இறக்கிய சான்றிதழ் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் குவிந்திருக்கும். அந்த வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மறந்து அழித்தால் அத்தனையும் ஒரே அடியில் போய்விடும்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டெர்மினல் அட்மின் திறங்கள். ஆங்கில எழுத்தில் டிஐஎஸ்எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு /ஆன்லைன், மறுபடி இடைவெளி விட்டு /கிளீன்அப்-இமேஜ், மறுபடி இடைவெளி விட்டு /ரீஸ்டோர்ஹெல்த் (dism /online /cleanup-image /restorehealth). ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னாலும்தான் இடைவெளி, பின்னால் கிடையாது. கிளீன்அப்புக்கும் இமேஜுக்கும் நடுவில் சின்னக் கோடு. இது கிடங்கைச் சரிபார்த்து, கெட்ட பாகத்துக்கு நல்ல நகலை மைக்ரோசாஃப்டிடமிருந்து நெட் வழியாக எடுத்து வைக்கும். அதனால் நெட் இருக்க வேண்டும். போன் ஹாட்ஸ்பாட் என்றால் அன்றைய டேட்டா தீர்வதற்குள், காலையிலேயே செய்யுங்கள். சதவீதக் கோடு 62 பக்கத்தில் போய் அசையாமல் நிற்கும், ஹேங் ஆகிவிட்டது என்றே தோன்றும். தொடாதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். வெற்றி என்று வந்த பிறகு எஸ்எஃப்சி, இடைவெளி, /ஸ்கேன்நௌ (sfc /scannow), இது விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும். அதுவும் முடிந்ததும் ரீஸ்டார்ட்.

ஷட்டவுன் இல்லை, ரீஸ்டார்ட். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, அது ஓடும் மெஷினில் ஷட்டவுன் கொடுத்து மறுநாள் போட்டால் அது முழுசாகப் புதிதாக எழுந்ததாகாது. ரீஸ்டார்ட்தான் முழுசாக எழுப்பும். அப்புறம் அப்டேட்டை ஓடவிடுங்கள். உங்கள் எண்ணுக்குப் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

யூடியூபில் எல்லாரும் முதலில் சொல்வது, இறங்கிய அப்டேட் கோப்புகள் தங்கும் சாஃப்ட்வேர்-டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றும் வைத்தியம். அது தப்பில்லை, ஆனால் வேறு நோய்க்கானது. இறங்கிய அப்டேட் கோப்பே கெட்டிருந்தால், அல்லது டவுன்லோட் ஒரே சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அது கேட்கும். கிடங்கு உடைந்திருக்கும்போது அதைச் செய்தால் உங்கள் டேட்டாதான் மறுபடி தீரும். மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து அப்டேட்டைத் தனியாக இறக்கிப் போடுவதும் அப்படித்தான், அதுவும் அதே உடைந்த கிடங்கில்தான் வந்து முட்டும்.

டிஐஎஸ்எம்மே மூலக்கோப்பு கிடைக்கவில்லை என்று திரும்பினால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி போங்கள். அங்கே விண்டோஸ் அப்டேட் வழியாகப் பிரச்சினையைச் சரிசெய்ய 'ரீஇன்ஸ்டால் நௌ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது விண்டோஸை மட்டும் மேலே புதிதாகப் போடும். உங்கள் கோப்பு, பிரிண்டர், ஸ்கேனர் மென்பொருள் எல்லாம் அப்படியே இருக்கும். பல ஜிபி இறக்கும் என்பதால் ஹாட்ஸ்பாட்டில் முயல வேண்டாம், வீட்டிலோ பக்கத்திலோ ஃபைபர் இருக்கும் இடத்துக்கு மெஷினைத் தூக்கிப் போய்ச் செய்வது நல்லது. அந்தப் பொத்தானே இல்லை என்றால் விண்டோஸ் பழைய பதிப்பாக இருக்கலாம். விண்வெர் (winver) என்று தேடித் திறந்து பாருங்கள், 23எச்2 என்று இருந்தால் ஹோம், புரோ இரண்டுக்கும் அதற்கான மாதாந்திர அப்டேட் 2025 நவம்பரோடு நின்றுவிட்டது, அதற்கும் பழையதென்றால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. (விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவு முடிந்தது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் வரும்.)

ஒன்றை வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். மெஷினை அசெம்பிள் செய்தவர் போட்டுக்கொடுத்தது ஒரிஜினல் விண்டோஸா, 'லைட்' என்று யாரோ வெட்டிச் சுருக்கியதா? வெட்டியதில் கிடங்கிலேயே பாகங்கள் இருக்காது, எந்த ரிப்பேரும் அதில் எடுபடாது. அதற்கு மட்டும் சுத்தமாக ஒரிஜினல் போட்டுத்தான் ஆக வேண்டும், ஸ்கேன்களை எடுத்து வைத்துவிட்டு.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் கணக்குக்கு ராத்திரியில், அந்த மாத அப்டேட் வெளிவரும். கடையில் கூட்டம் இல்லாத ஒரு காலை நேரத்தை அந்த வாரக் கடைசியில் ஒதுக்கி, கண்முன்னால் இருந்து ரீஸ்டார்ட் வரை முடித்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அப்போது நிவாரண ஜெராக்ஸுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் அதற்கு முன்னாலேயே இந்த ரிப்பேரைச் செய்துவிடுவது உத்தமம்.

ரீஇன்ஸ்டால் செய்தும் சில வாரத்தில் அதே எண் திரும்பி வந்தால் விண்டோஸை விட்டுவிட்டு ஹார்டுவேரைப் பார்க்க வேண்டும். கடலுக்கு இத்தனை கிட்டே இருக்கும் கடையில் உப்புக்காற்று ராம் முனையிலும் டிஸ்க் கேபிள் முனையிலும் பச்சை பூத்துவிடும், படித்த கோப்பே தப்பாகப் படிக்கப்படும். சர்வீஸ் கடைக்குப் போனால் "அப்டேட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள். "80073712, டிஐஎஸ்எம்மும் ரீஇன்ஸ்டாலும் செய்தாகிவிட்டது, ராமையும் டிஸ்க்கையும் சோதித்துச் சொல்லுங்கள், ஃபார்மட் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள்.