எழுதிய கை யாருடையது? கறுப்பினப் பெண்களின் எழுத்து: கேள்வி பதில்

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் மேடம். ப்ராஜெக்ட் தலைப்பு ‘கறுப்பினப் பெண்களின் விடுதலைப் போராட்டம்: பெண்ணிய நோக்கு’. கைடு ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கே தொடங்குவது? (மாணவி, திருச்சி)

பதில்: முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். நைஜீரியாவின் புச்சி எமெச்செட்டா, செனகலின் மரியாமா பா, அமெரிக்காவின் டோனி மாரிசன் மூவரையும் ஒரே மூட்டையில் கட்டினால் 60 பக்கத்தில் யாரைப் பற்றியும் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. மரியாமா பாவின் 1979 நாவலில் பெண்ணை நெரிப்பது பலதார மணம். மாரிசனில் அது அடிமைமுறை. தோல் நிறம் ஒன்றாக இருந்தால் போராட்டமும் ஒன்றாகிவிடாது.

அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று நூல் போதும்: அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு (1861), ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ (1982), மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987). மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இவளைப் பற்றி எழுதுவது யார் கை? ‘ஒடுக்குமுறை, எதிர்ப்பு, விடுதலை’ என்று மூன்று அத்தியாயம் போடுவது வழக்கம்தான். ஆனால் அப்படிப் பிரித்தால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும்.

கேள்வி: அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்காகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் ‘நான் பெண் இல்லையா?’ உரையை முன்னுரையில் மேற்கோள் காட்டலாமா? (விரிவுரையாளர், நாகர்கோவில்)

பதில்: காட்டலாம், ஆனால் எந்த வடிவம் என்று சொல்லியாக வேண்டும். அவர் பேசியது 1851இல், ஒஹையோ மாநிலம் ஆக்ரனில். அதே ஆண்டு மாரியஸ் ராபின்சன் ஒரு பத்திரிகையில் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் புகழ்பெற்ற வரி கிடையாது. 12 ஆண்டு கழித்து, 1863இல், ஃப்ரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளையினப் பெண் எழுதிய வடிவத்தில்தான் அது வருகிறது, அதுவும் திரும்பத் திரும்ப. கேஜ் அவர் வாயில் தென்மாநில அடிமைகளின் கொச்சையையும் வைத்தார். ட்ரூத் பிறந்ததோ நியூயார்க் மாநிலத்தில். சிறுவயதில் பேசியது டச்சு மொழி!

அதற்காக அந்த வரியைத் தூக்கி எறிய வேண்டாம். 1981இல் கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹுக்ஸ் தன் நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். அதற்கென்று ஒரு வாழ்வு வந்துவிட்டது. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்து, ஆதரிக்க வந்த கை எதை மாற்றியது என்று எழுதுங்கள். ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் முன்னுரை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: ஜேக்கப்ஸின் நூலைப் புனைகதை என்று ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். எது சரி? (வாசகர், கோவை)

பதில்: தன்வரலாறுதான். ‘லிண்டா ப்ரெண்ட்’ என்ற புனைபெயரில் வந்தது. பதிப்பித்தவர் லிடியா மரியா சைல்ட். ஒரு அடிமைப் பெண் இப்படி எழுதுவாளா என்ற சந்தேகத்திலேயே நூறாண்டு போய்விட்டது. ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி ஒப்பிட்டு, 1987 பதிப்பில் அதை ஜேக்கப்ஸ்தான் எழுதினார் என்று நிறுவினார். அதற்கு முந்தைய விமர்சனங்களை எடுத்தாளும்போது கவனம்.

இந்த நூலில் விட்டுவிடக் கூடாத இடம், எஜமானனிடமிருந்து தப்பி ஜேக்கப்ஸ் ஒளிந்திருந்த பரண். வட கரோலினாவின் ஈடன்டனில், பாட்டி வீட்டோடு ஒட்டிய கொட்டகையின் கூரைக்கடியில் 9 அடி நீளம், 7 அடி அகலம். உயரமான இடத்திலேயே 3 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. அதில் ஏறத்தாழ 7 ஆண்டு. கையில் அகப்பட்ட ஒரு துளைப்பானால் மூன்று வரிசை துளை போட்டு, இடையில் நின்ற மரத்தையும் குடைந்து ஓர் அங்குலச் சதுர ஓட்டை ஆக்குகிறார். தெருவில் போகும் தன் பிள்ளைகளை அதன் வழியே பார்க்கிறார்.

பலர் இதை ‘சிறை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கிருந்தே அவர் எஜமானனுக்குக் கடிதம் எழுதுகிறார். நியூயார்க் பத்திரிகைத் துண்டு ஒன்றில் தெருப்பெயர் பார்த்து, அந்த ஊரில் இருப்பதுபோல எழுதி, அங்கே தபாலில் சேர்க்க ஆள் வழி அனுப்புகிறார். அவன் வடக்கே தேடுகிறான். இவர் அவன் தலைக்கு மேலேயே இருக்கிறார். எழுத்து இங்கே நேரடியாகத் தப்பிக்கும் கருவி.

கேள்வி: ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்றால் இரட்டை ஒடுக்குமுறை என்று எழுதினால் போதாதா? (மாணவர், சென்னை)

பதில்: போதாது. இனமும் பாலினமும் குறுக்கிடும் இடத்தில் உருவாகும் தனி வகை ஒடுக்குமுறையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. இரட்டை என்றால் கூட்டல் கணக்கு ஆகிவிடும். சட்ட அறிஞர் கிம்பர்லே க்ரென்ஷா 1989இல் இந்தச் சொல்லை முன்வைத்தபோது காட்டிய வழக்கைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1964க்கு முன் கம்பெனி கறுப்பினப் பெண்களை எடுக்கவில்லை. 1970க்குப் பிறகு எடுத்தவர்களை, ஆட்குறைப்பு வந்தபோது சீனியாரிட்டி பார்த்து வெளியே அனுப்பியது. நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே (அவர்கள் வெள்ளையர்), ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனம் சார்ந்த புகாரைத் தனியாகக் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புது வகை உண்டாக்க முடியாது என்றது. கூட்டினால் இரண்டு வரவேண்டிய இடத்தில் விடை பூஜ்யம். இதை விளக்காமல் அந்தச் சொல்லை மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: பெமினிஸ்ட், வுமனிஸ்ட் என்ன வித்தியாசம் அக்கா? (தஞ்சை)

பதில்: ‘வுமனிஸ்ட்’ வாக்கர் 1983இல் விளக்கம் கொடுத்து நிலைநிறுத்திய சொல். வயசுக்கு மீறிப் பேசும் பெண்பிள்ளையைக் கறுப்பினத் தாய்மார் ‘வுமனிஷ்’ என்று அதட்டுவார்களாம், அதிலிருந்து எடுத்தார். நம்ம ஊரில் ‘பெரிய மனுஷி மாதிரி பேசாதே’ என்கிறோமே, அந்தத் தொனி. அதட்டலையே பட்டமாக்கிக்கொண்ட சொல் என்பதால், தமிழில் ‘பெண்மையியம்’ என்று ஆக்கினால் செத்துவிடும்.

கேள்வி: ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலின் சில கடிதங்களைப் பயிற்சிக்காக மொழிபெயர்க்கிறேன். அவற்றை எழுதும் நாயகி சீலியின் கொச்சையை எந்த வட்டார வழக்கில் கொடுப்பது? (மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி)

பதில்: எந்த வட்டாரத்திலும் வேண்டாம். நெல்லை என்று எடுத்தால் வாசகர் உடனே அவளுக்கு ஒரு ஊரும் சாதியும் கொடுத்துவிடுவார். ஜார்ஜியா காணாமல் போகும். பொதுப் பேச்சுத் தமிழ், சின்ன வாக்கியம், ‘ஆகவே’ ‘எனினும்’ இல்லாத நடை. வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். தங்கை நெட்டி மிஷனரிகளோடு ஆப்பிரிக்கா போனவள். அவள் கடிதங்கள் திருத்தமான எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும். இருவரையும் ஒரே நடையில் எழுதினால் நாவலின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

இன்னொரு கண்ணி. சீலி கணவனை ‘மிஸ்டர்’ என்று எழுதி, பெயர் வரும் இடத்தில் கோடு போடுகிறாள். புருஷன் பேரைச் சொல்லாத மரபு நமக்குப் பழக்கம் என்பதால் ‘அவர்’ என்று போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். தமிழ் ‘அவர்’ மரியாதை, சில சமயம் செல்லம்கூட. இங்கே இருப்பது பயம். கோட்டை அப்படியே விடுங்கள். பின்னால் அவன் ‘ஆல்பர்ட்’ ஆகும்போதுதான் அந்தக் கோட்டின் அர்த்தம் புரியும்.

கேள்வி: ‘பிலவ்ட்’டில் செத்தே (Sethe) என்ற நாயகி தன் குழந்தையைக் கொல்கிறாள். இதை விடுதலை என்று எப்படி எழுதுவது? (ஆய்வாளர், மதுரை)

பதில்: அப்படி எழுத வேண்டியதில்லை, நாவலும் அப்படிச் சொல்லவில்லை. பின்னணியில் உண்மைச் சம்பவம் உண்டு. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் கென்டகியிலிருந்து உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தபோது இரண்டு வயது மகளைக் கொன்றார். அப்போது எழுந்த சட்டச் சிக்கல்: அவர் கொலைக் குற்றவாளியா, திருப்பிக் கொடுக்க வேண்டிய சொத்தா? சொத்து என்றே திருப்பி அனுப்பினார்கள். ‘பிள்ளை யாருடையது?’ என்ற கேள்வியை வைத்து எழுதுங்கள். ‘தியாகத் தாய்’ என்று எழுதினால் செத்தேயைப் படிக்கவில்லை என்று பொருள்.

நாவலில் செத்தே செய்த கொலையின் செய்தி, அவளோடு அதே பண்ணையில் அடிமையாக இருந்த பால் டிக்கு ஒரு பத்திரிகைத் துண்டாக வருகிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, அது அவள் வாய் இல்லை என்கிறான். அதற்கு முன், பண்ணையை நடத்தும் வெள்ளையன் ‘ஸ்கூல்டீச்சர்’ தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறான்: செத்தேயின் மனிதக் குணங்களை இடப்பக்கம் எழுது, விலங்குக் குணங்களை வலப்பக்கம் எழுது, வரிசை பிசகாமல். செத்தே அதைக் காதால் கேட்டுவிடுகிறாள். அவன் எழுதும் மை அவள் கலந்து கொடுத்தது. செய்முறை பழைய எஜமானியுடையது, ஆனால் அவள் கைப்பக்குவம்தான் அவனுக்குப் பிடிக்கும். கடைசியில் பால் டியிடம் அவள் சொல்வதும் அதைத்தான்: மை நான்தான் செய்தேன், நான் செய்யாமல் போயிருந்தால் அவனால் அதைச் செய்திருக்க முடியாது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள்.