மூன்றாம் முறை எழுதுவதா என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

செவ்வாய்க்கிழமை உங்கள் மகனோடு என்னிடம் வந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அன்றே பதில் சொல்லவில்லை. தம்பி பக்கத்தில் இருந்தார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே நாங்கள் இருவரும் கதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதிவிட்ட தம்பியை "மூன்றாந்தரமும் எழுத விடுறதோ, இல்லாட்டி மாமாவிட்டக் காசு கேட்டு வெளியில அனுப்புறதோ" என்று கேட்டீர்கள். சான்றிதழ்கள் வைத்த கோவையைத் திறந்து மேசையில் பரப்பினீர்கள். முதல் முறை மூன்று எஸ், அதாவது மூன்று சாதாரண சித்தி. இரண்டாம் முறை ஒரு சீயும் (திறமைச் சித்தி) இரண்டு எஸ்ஸும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சான்றிதழைக்கூட லேமினேட் செய்து வைத்திருந்தீர்கள். நான் கோவையைப் பார்த்ததைவிடத் தம்பியைப் பார்த்ததுதான் கூட. முக்கால் மணித்தியாலத்தில் அவர் ஒரு முறைதான் தலை நிமிர்ந்தார். "படிக்கச் சொன்னா கிணத்தடியில அந்தப் பழைய மெசினோட மினக்கெடுறான்" என்று நீங்கள் குறைப்பட்டபோது. "காபரேட்டர்தான் அடைப்பு, இப்ப வேலை செய்யுது" என்றார். பிறகு திரும்பவும் குனிந்துவிட்டார். பெருவிரல் நகத்துக்குள் கறுப்பாக எண்ணெய் இருந்தது.

நீங்கள் எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று சொன்னதுதான் எனக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு மாதமாக இரவு இரண்டு மணிக்கும் முழித்திருக்கிறார், சாப்பாட்டுக் கோப்பை அப்படியே கிடக்கிறது, கூடப் படித்த பெடியள் வந்து கூப்பிட்டாலும் வெளியில் வருவதில்லை. அம்மா, மூன்றாம் முறையா வெளிநாடா என்பதை நாங்கள் ஒன்றரை மாதம் தள்ளிப் போடலாம். இதைத் தள்ளிப் போட முடியாது. பெறுபேறு சரியானால் மனமும் சரியாகிவிடும் என்று வீட்டில் நினைத்துக் காத்திருக்கிறீர்கள். நித்திரை இல்லாத பிள்ளையிடம் இணைந்த கணிதம் ஏறாது, எந்த நாட்டு விசாவாலும் அந்த நித்திரை வராது.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, முன்பு விருப்பமாகச் செய்ததெல்லாம் விட்டுப்போனால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் இருக்கிறது. இரண்டும் அரச வைத்தியசாலைகள், காசு கட்டத் தேவையில்லை. எடுத்தவுடன் வைத்தியசாலை என்றால் தம்பி மறுப்பார் என்று நினைத்தால், முதலில் உளவளத்துணையாளர் ஒருவரிடம் கதைக்கலாம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்து வருகிறது. உங்கள் பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் எடுக்க எத்தனை தரம் அந்தப் படி ஏறியிருப்பீர்கள்!

இரவில் பயமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை அது, இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம். 1333 என்று இன்னொன்றும் உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை. தம்பிதான் எடுக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று கேட்க நீங்களே எடுக்கலாம். இந்த இரண்டு இலக்கங்களையும் அவருடைய போனிலும் போட்டுக் கொடுங்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். கேட்பது கஷ்டம், தெரியும். "தம்பி, உயிரோட இருக்க வேண்டாம் என்ற மாதிரி யோசனை ஏதும் வாறதோ?" என்று இந்தச் சொற்களிலேயே, சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணத்தை மனதில் போட்டுவிடுவோம் என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறது, ஆனால் அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்டார்களே என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனம் இளகும். ஓம் என்று சொன்னால் ஏசாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம். பொலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். உயிரை மாய்க்க முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள்.

உங்கள் வீடு தோட்டக்கார வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்துகளைத் தாவாரத்தில் வைக்காமல் ஒரு பெட்டியில் பூட்டி, திறப்பை அப்பாவிடம் கொடுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கிற குளிசைகளையும் அப்படியே. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது. கூடிய நச்சுள்ள பயிர்க் கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. தாங்க முடியாத நேரம் என்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லையென்றால் பிள்ளை தப்பிவிடும்.

அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள், உனக்கு என்ன குறை?" என்று அவர் சொல்வதாகச் சொன்னீர்கள். நானும் அந்த விளக்கில் படித்தவன்தான். மண்ணெண்ணெய் விலை ஏறிய நாளில் திரியை எவ்வளவு குறைத்து எரித்தோம் என்பது இன்னும் மறக்கவில்லை. ஆனால் அப்போது ஊர் முழுக்க ஒரே இருட்டில் இருந்தது. இன்றைக்கு உங்கள் மகன் போனைத் திறந்தால் கூடப் படித்தவன் பல்கலைக்கழகப் பீடத்து வாசலில் நின்று எடுத்த படம் வருகிறது. அது வேறு விதமான பாரம். அந்த வசனத்தை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

சரி, இனிப் படிப்புக்கு வருகிறேன்.

மூன்று எஸ் என்பது சித்திதான். தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் பொதுவாக 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டக் கோட்டாவில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தகுதி பெறுகிற பிள்ளைகளில் பாதிக்கும் மிகக் குறைவானவர்களுக்குத்தான் இடம் இருக்கிறது. நல்ல மூளையுள்ள எத்தனையோ பிள்ளைகள் வெளியில் நிற்பது அதனால்தான். அவர்களுக்கு இயலாமல் போனதால் இல்லை.

மூன்றாம் முறை எழுத உரிமை இருக்கிறது, பல்கலைக்கழக அனுமதிக்கு அதுதான் கடைசி முறையும்கூட. அதற்காக ஒரு வருடம் முழுவதும் ரியூசனுக்கும் அறைக்கும் இடையில் அலைய வேண்டியதில்லை. ஒரு பயிற்சியில் சேர்ந்துகொண்டே பாடசாலை மூலமாக இல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். எழுதுவதா என்பதைத் தம்பி தீர்மானிக்கட்டும். அவர் நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகு கேளுங்கள்.

கோவையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பழைய இயந்திரத்தைக் கழற்றி, பழுதைக் கண்டுபிடித்து, திருப்பிப் பூட்டி ஓடவிட்டிருக்கிறார். அதை மினக்கேடு என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அதுதான் அவர் காட்டிய முதல் பெறுபேறு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 2016இல் திறந்தார்கள். மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அங்கே படிப்பிக்கிறார்கள். தேசிய தொழில் தகைமை என்று ஏழு மட்டங்கள் வைத்திருக்கிறார்கள். நாலாம் மட்டம் முடித்தவர் தனியே நின்று வேலை செய்யத் தெரிந்த தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். அதாவது பட்டத்துக்கான வழி இந்தப் பக்கத்தாலும் திறந்தே இருக்கிறது. எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் இதே தகைமை முறையில்தான் படிப்பிக்கிறார்கள். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் என்று மனம் போனால் யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும் இங்கேயே இருக்கிறது. ஆனால் முதலில் கிளிநொச்சிக்கு ஒரு நாள் கூட்டிப் போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். விண்ணப்பம் பிறகு பார்க்கலாம். அந்தச் சத்தத்துக்குள் நிற்கும்போது தம்பியின் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சி விசயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: காணியை ஈடு வைக்காதீர்கள். மாமாவின் காசு என்றாலும் அது யாரோ பனிக்குள் நின்று உழைத்த காசு. வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள், இலக்கம் 1989. மாணவர் விசா, சுற்றுலா விசா என்று சொல்லி வேலைக்கு ஏற்றுகிறோம் என்பவரோடு கதையை அந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். இப்போதுள்ள மனநிலையில் தம்பி எதற்கும் தலையாட்டுவார். அதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள்.

தங்கச்சி பத்தாம் வகுப்பு என்றும், வகுப்பு முடிந்து ஒழுங்கையால் வரும்போது ஒருவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறான், போனுக்கும் ஏதோ அனுப்புகிறான் என்றும் சொன்னீர்கள். வகுப்பை நிற்பாட்டுவது சரியான பதில் இல்லை. அவள் குற்றம் செய்யவில்லை. அனுப்பியதை அழிக்காமல் படமாக எடுத்து வைத்துக்கொண்டு 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் சந்திக்கலாம், உளவளத்துணைக்குப் போகிற அதே நாளில். அண்ணனின் கவலைக்குள் அவளுடைய பயம் மறைந்துபோகக் கூடாது.

வருகிற வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தம்பிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். முதல் அரை மணித்தியாலம் அவரோடு தனியே கதைக்கிறேன். நீங்கள் வெளியே வேப்பமரத்தடி வாங்கில் இருங்கள். அந்தக் கோவையை இந்த முறை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.